மூன்றாவது குவார்ட்டரில் கால் இழுத்தது ஏன்? வெயிலும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலும்

கேள்வி: நாங்கள் ஒஹையோவில் இருக்கிறோம். என் மகனுக்கு 19 வயது. கல்லூரி ஃபுட்பால் அணியில் டிஃபென்சிவ் டேக்கிள், அதாவது எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையில் நிற்பவன். எடை 128 கிலோ. போன செப்டம்பரில் டெக்சஸில் நடந்த ஆட்டத்தில் மூன்றாவது குவார்ட்டரில் இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டன. இரண்டு பேர் தாங்கித்தான் வெளியே கூட்டிவந்தார்கள். இந்த ஆண்டு முதல் ஆட்டமே ஃப்ளோரிடாவில், பகல் 12 மணிக்கு. ஆகஸ்ட் கேம்ப் அடுத்த வாரம் தொடங்குகிறது. நண்பனின் அப்பா ஊறுகாய்த் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார், இன்னொருவர் உப்பு மாத்திரை என்கிறார், மதுரையிலிருந்து என் அம்மா நீர்மோர் கொடு என்கிறார். கோச், நிறையத் தண்ணீர் குடி என்பதோடு சரி. வெயில் உண்மையில் இந்த ஆட்டக்காரர்களை என்ன செய்கிறது? நான் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கால் இழுத்துக்கொள்வது வலிக்கும், ஆட்டத்தைக் கெடுக்கும், ஆனால் உயிரை எடுக்காது. வெயிலில் ஆடிக்கொண்டிருக்கும் பையன் தள்ளாடுவது, குழம்பிப் பேசுவது, காரணமில்லாமல் கோபப்படுவது, எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் விழிப்பது, இவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். இரண்டும் ஒரே நோயின் சிறிய வடிவமும் பெரிய வடிவமும் அல்ல. கால் இழுக்காமலே ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உள்வெப்பம் கட்டுமீறி மூளை குழம்பும் நிலை, வரலாம். கால் இழுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹீட் ஸ்ட்ரோக் வருவதில்லை. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைப் படியுங்கள்.

தசை வேலை செய்யும்போது அது எரிக்கும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவுதான் அசைவாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பம். 128 கிலோ உடலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏற சுமார் 105 கிலோகலோரி போதும். உங்கள் மகனின் இடத்தில் ஒவ்வொரு ப்ளேயும், அதாவது பந்தை எடுத்ததிலிருந்து ஆட்டம் நிற்கும் வரையுள்ள ஒரு சுற்றும், ஐந்தாறு விநாடிதான். ஆனால் அந்த விநாடிகளில் எதிரில் இருக்கும் 140 கிலோ ஆளை முழு பலத்தோடு தள்ளுகிறான். அக்டோபர் மாத ஒஹையோவில் அடுத்த ப்ளேக்கு முன் கிடைக்கும் அரை நிமிடத்திலும், பெஞ்சில் உட்காரும் நேரத்திலும் அந்த வெப்பம் காற்றில் கலந்துவிடும். செப்டம்பர் மாத ஃப்ளோரிடாவில் நண்பகல் காற்று 32, 33 டிகிரி, அதாவது 90 ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கும். தோலின் வெப்பமே 35 டிகிரி அளவில்தான் இருக்கும் என்பதால் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுக்கும் வழி ஏறத்தாழ அடைந்துவிடுகிறது. மிஞ்சுவது வியர்வை மட்டுமே.

வியர்வை வலிமையான கருவிதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆனால் ஆவியாக வேண்டும். ஈரம் நிறைந்த காற்று அதை வாங்கிக்கொள்ளாது. ஹெல்மெட், ஷோல்டர் பேட், அதன்மேல் இறுக்கமான ஜெர்சி, கையுறை, கணுக்காலில் சுற்றிய டேப் என்று உடலின் பெரும்பகுதி மூடியும் இருக்கிறது. சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம்.

இதில் பருமனான ஆட்டக்காரர்களுக்குப் பாதகம் அதிகம். உடல் பெரிதாகும்போது எடை ஏறும் வேகத்தில் தோலின் பரப்பு ஏறுவதில்லை. பின்னால் நின்று ஓடித் தடுக்கும் 85 கிலோ கார்னர்பேக்கோடு ஒப்பிட்டால் உங்கள் மகனுக்கு ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் தோல் பரப்பு குறைவு, உள்ளே உருவாகும் வெப்பமோ அதிகம். அமெரிக்க ஃபுட்பாலில் ஹீட் ஸ்ட்ரோக்கால் இறந்தவர்களில் பெரும்பாலோர் முன்வரிசையில் மோதும் லைன்மேன்கள்தான். அந்த மரணங்கள் அநேகமாக ஆட்ட நாளில் நடப்பதில்லை, ஆகஸ்ட் பயிற்சியின் முதல் சில நாட்களிலும் ஓட்டப் பயிற்சிகளிலும்தான் நடக்கின்றன. ஆட்டத்தில் இடைவேளைகள் உண்டு, மாற்று ஆள் உண்டு, மருத்துவக் குழு முழுதாக நிற்கிறது. பயிற்சியிலோ, தண்டனை ஓட்டத்தில் நிறுத்தச் சொல்ல ஆள் இருப்பதில்லை. நீங்கள் ஃப்ளோரிடா ஆட்டத்தை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அடுத்த வாரம் தொடங்கும் கேம்ப்தான் முதல் கவலை.

ஆட்டத்துக்கு வருவோம். வெயிலில் இதயத்துக்கு இரண்டு வேலை. தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். வியர்த்து ரத்தத்தின் நீர் குறையக் குறைய, ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைகிறது, துடிப்பு கூடுகிறது. அதே வேலையைச் செய்ய முதல் குவார்ட்டரை விட மூன்றாவதில் இதயம் அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது. களத்தில் இது எப்படித் தெரியும் என்றால், டிஃபென்சிவ் லைன்மேன் பந்து நகர்ந்த பிறகு அரைக் கணம் தாமதமாக எழுவான், நிமிர்ந்த நிலையில் மோதுவான், கையால் பிடித்து நிறுத்தப் பார்ப்பான். பந்தை வைத்து ஆடும் அஃபென்ஸ் பக்கத்தில், பந்தைப் பின்னால் எடுத்துக்கொடுக்கும் சென்டரின் கை வியர்த்துப் பந்து வழுக்கும், அவசரப்பட்டு முன்னாலேயே அசைந்து பெனால்டி வாங்குவார்கள்.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. எதிரணி ஹடில் போடாமல், அதாவது ப்ளேக்கு முன் கூடி நின்று பேசாமல், வேகமாக ஆடும் அணியாக இருந்தால் உங்கள் மகனுக்கு ஆபத்து கூடும். அஃபென்ஸ் ஆளை மாற்றினால்தான் டிஃபென்ஸும் மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் கொடுப்பார். அவர்கள் மாற்றாமல் 15, 20 விநாடிக்கு ஒருமுறை பந்தை எடுத்தால், களத்தில் இருக்கும் நான்கு லைன்மேன்களும் அப்படியே மாட்டிக்கொள்வார்கள். பத்துப் பன்னிரண்டு ப்ளே தொடர்ந்து நீடிக்கும் ஒரு ட்ரைவ் உடலின் உள்வெப்பத்தை ஏற்றிவிடும். அதன்பின் அவனுடைய சொந்த அணியின் அஃபென்ஸ் மூன்றே ப்ளேயில் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டால், ஓரிரு நிமிடத்தில் மறுபடியும் களத்தில் நிற்க வேண்டும். குளிர்வதற்கு நேரமே இல்லை. வெயில் நாளில் டிஃபென்ஸை வாட்டுவதில் சூரியனுக்கு அடுத்த இடம், சரியாக ஆடாத தன் அணியின் அஃபென்ஸுக்குத்தான்.

ஆகவே வெயில் ஆட்டத்தில் நல்ல கோச்சின் முதல் ஆயுதம் ஆள் மாற்றம். டிஃபென்சிவ் லைனில் எட்டு, ஒன்பது பேரைச் சுழற்ற வேண்டும். களைத்த பிறகு மாற்றுவது தாமதம். நான்கைந்து ப்ளேக்கு ஒருமுறை என்று முதல் குவார்ட்டரிலிருந்தே மாற்ற வேண்டும். அஃபென்சிவ் லைனில் இப்படிச் சுழற்றும் வழக்கம் குறைவு. அந்த ஐந்து பேரின் பெற்றோரும் உங்களைப் போலவே கவலைப்பட வேண்டியவர்கள். ஒரு பாதிக்கு மூன்று டைம் அவுட், தொலைக்காட்சி விளம்பர நிறுத்தங்கள், 2024 முதல் கல்லூரி ஆட்டத்திலும் வந்துவிட்ட இரண்டு நிமிட நிறுத்தம், 20 நிமிட ஹாஃப் டைம், இவ்வளவுதான் உடல் மூச்சுவிடக் கிடைக்கும் இடைவெளி.

எந்த மைதானம் என்று நீங்கள் எழுதவில்லை. அதுவும் முக்கியம். மியாமி பல்கலைக்கழக அணி ஆடும் ஹார்ட் ராக் ஸ்டேடியத்தில் 2016-ல் கூரை வைத்தபின் பகல் ஆட்டங்களில் உள்ளூர் அணியின் பெஞ்ச் நிழலிலும் விருந்தினர் பெஞ்ச் வெயிலிலும் இருக்கும். இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வருகிற அணி நிழல்கூடாரத்துக்கும் குளிர்காற்றுப் பெஞ்சுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். கேன்ஸ்வில்லில் ஃப்ளோரிடா பல்கலைக்கழக மைதானத்தின் ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது, காற்றோட்டம் குறைவு. செயற்கைப் புல் என்றால் வெயிலில் அதன் மேற்பரப்பு 65 டிகிரியையும் தாண்டும். தண்ணீர் தெளித்தால் சிறிது நேரம் தணிந்து மறுபடி ஏறிவிடும். தெற்கே சில அணிகள் சீசன் தொடக்கத்தில் சொந்த மைதானத்திலேயே வெள்ளை ஜெர்சி போட்டு விருந்தினரை அடர்நிறம் போட வைப்பதும் உண்டு. உள்ளே இருக்கும் பேடோடு ஒப்பிட்டால் ஜெர்சி நிறத்தின் பங்கு சிறியதுதான். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் 1931-லேயே இரவு ஆட்டத்துக்கு மாறியதற்கு வெப்பமும் புழுக்கமும் ஒரு காரணம். எனக்குத் தெரிந்த தீர்வுகளில் அதுதான் சிறந்தது. ஆனால் இன்று ஆட்ட நேரத்தைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் நண்பகல் ஆட்டம் வைப்பது தவறு என்பதே என் கருத்து.

அன்றைய வெப்பத்தை ஃபோனில் இருக்கும் வானிலைச் செயலியில் பார்க்காதீர்கள். அது நிழலில் அளந்தது. விளையாட்டு மருத்துவத்தில் பார்ப்பது வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர் என்ற அளவு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 சதவீதம், வெயிலை வாங்கும் கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரணக் காற்று வெப்பத்துக்கு 10 என்று சேர்த்துக் கணக்கிடுவது. புழுக்கத்துக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். தென் மாநிலங்களில் பயிற்சிக்குப் பின்பற்றும் வரம்பு இது: 82 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அடிக்கடி ஓய்வு, 87-ஐத் தாண்டினால் ஹெல்மெட்டும் ஷோல்டர் பேடும் மட்டும், 90-ஐத் தாண்டினால் பாதுகாப்புக் கவசம் எதுவுமில்லாமல் அதிகபட்சம் ஒரு மணி நேரம், 92-ஐத் தாண்டினால் வெளியில் பயிற்சியே இல்லை. மகனின் அணியில் இந்தக் கருவியை யார் கையில் வைத்திருக்கிறார்கள், எண் ஏறினால் பயிற்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று அவன் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

இனி கால் இழுப்பு. இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று, களைத்த தசையைக் கட்டுப்படுத்தும் நரம்பு அளவுக்கு மீறித் தூண்டப்படுவது. மற்றது, சிலருக்கு வியர்வையில் உப்பு ஏராளமாகப் போவது. ஆட்டம் முடிந்து காய்ந்த ஜெர்சியிலும் தொப்பியிலும் வெள்ளைத் திட்டுகள் படிகின்றனவா என்று பாருங்கள். படிந்தால் உங்கள் மகன் இரண்டாவது வகை. மூன்றாவது குவார்ட்டரில் இழுப்பதிலும் அர்த்தம் இருக்கிறது. உப்பும் நீரும் குறைந்துகொண்டே வந்திருக்கின்றன, தசை களைத்திருக்கிறது, இருபது நிமிடம் உட்கார்ந்து விறைத்துப்போய் எழுந்து நேராக முழு வேகத்தில் மோதுகிறான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவனளவு உடம்புள்ள லைன்மேன் மணிக்கு 2 லிட்டர் வியர்ப்பது சாதாரணம். ஆட்டம் மூன்றரை மணி நேரம் நடக்கிறது. அதில் பெஞ்சில் இருக்கும் நேரத்தைக் கழித்தாலும் 4, 5 லிட்டர் போகும். லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் என்று வைத்தால் 5 கிராம். சமையல் உப்பாகச் சொன்னால் 12 கிராமுக்கு மேல், சுமார் இரண்டு டீஸ்பூன். கேடரேட் போன்ற ஸ்போர்ட்ஸ் பானத்தில் லிட்டருக்கு 450 மில்லிகிராம் சோடியம்தான். 3 லிட்டர் குடித்தாலும் கால்வாசிக்குச் சற்று மேல்தான் திரும்புகிறது. வெறும் தண்ணீரில் அதுவும் இல்லை. (அந்தப் பானமே ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் 1965-ல் பிறந்தது. ஆட்டத்தின்போது வீரர்களுக்குச் சிறுநீரே வருவதில்லையே, ஏன் என்று ஒரு துணைக் கோச் கேட்ட கேள்விதான் சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடையும் அவர் குழுவையும் அந்த ஆராய்ச்சியில் இறக்கியது.)

எனவே செய்ய வேண்டியது: ஒரு லிட்டர் ஸ்போர்ட்ஸ் பானத்தில் கால் டீஸ்பூன் சமையல் உப்பு கலந்தால் சோடியம் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுக்கு வந்துவிடும். ருசி கொஞ்சம் கரிக்கும். ஆகஸ்ட் பயிற்சியிலேயே குடித்துப் பழக வேண்டும், ஆட்ட நாளில் புதிதாக எதையும் வயிற்றில் போடக் கூடாது. உப்பு மாத்திரையைத் தனியாக விழுங்குவது வேண்டாம். வயிற்றைப் புரட்டி வாந்தி வரும், வாந்தி வந்தால் நீரும் சேர்ந்து போகும். ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று அணி மருத்துவரிடம் பார்த்துக்கொண்டு இதைத் தொடங்குங்கள். பருத்த உடல்வாகுள்ள பையன்களில் அது அபூர்வமல்ல.

உங்கள் அம்மா சொல்லும் நீர்மோர் நல்ல யோசனை, நேரம்தான் முக்கியம். முந்தின இரவு சாப்பாட்டோடும், காலை உணவோடும் உப்புப் போட்டு இரண்டு டம்ளர் குடிக்கட்டும். ஆட்டத்துக்கு நடுவில் வேண்டாம். மோதலும் ஓட்டமும் நடக்கும்போது பாலில் இருந்து வந்த எதுவும் வயிற்றில் தங்கிக் குமட்டும். ஊறுகாய்த் தண்ணீர், அதாவது வெள்ளரி ஊறிய வினிகர் கலந்த உப்புநீர், 60 முதல் 80 மில்லி குடித்தால் இழுப்பு சீக்கிரம் விடுகிறது என்பது ஆய்வில் தெரிந்ததுதான். ஆனால் அது ரத்தத்தில் கலந்து உப்பை ஈடுகட்டுவதற்கு முன்பே வேலை செய்துவிடுகிறது. வாயிலும் தொண்டையிலும் படும் அந்தக் காரமான புளிப்பு நரம்பின் தூண்டலை அடக்குகிறது என்பதே இப்போதைய விளக்கம். இழுத்தபின் விடுவிக்கப் பயன்படும், இழுக்காமல் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். இழுத்தவுடன் முதல் வேலை, முழங்காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கி, தசை தளரும் வரை அப்படியே பிடித்திருப்பது. பிறகு ஐஸ் ஒத்தடம். மறுபடி இழுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான், பெஞ்சில் உட்கார வேண்டும்.

கோச் சொல்லும் 'நிறையத் தண்ணீர் குடி' என்பதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. உடல் இழப்பதை விட அதிகம் குடித்தால் ரத்தத்தின் சோடியம் நீர்த்து மூளை வீங்கும். 2014-ல் ஜார்ஜியா மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளி ஃபுட்பால் மாணவர் ஒருவர் இப்படி அளவுக்கு மீறிக் குடித்து இறந்தார். எவ்வளவு குடிப்பது என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். கேம்பில் ஒருநாள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உடையில்லாமல், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பார்க்கட்டும். உதாரணமாக 128-லிருந்து 126.4 ஆகி, இடையில் 1.5 லிட்டர் குடித்து, பயிற்சி ஒன்றரை மணி நேரம் என்றால், 1.6-ம் 1.5-ம் கூட்டி ஒன்றரையால் வகுத்தால் மணிக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல். அதுதான் அவனுடைய வியர்வை அளவு. வயிறும் குடலும் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல்தான் கடத்தும் என்பதால் முழுதாக ஈடுகட்ட முடியாது, முயலவும் வேண்டாம். உடல் எடையில் 2 சதவீதத்துக்குள், அவனுக்கு இரண்டரைக் கிலோவுக்குள், இழப்பை நிறுத்தினால் போதும். பயிற்சி முடிந்து எடை கூடியிருந்தால் தவறாகக் குடிக்கிறான் என்று பொருள்.

12 மணி ஆட்டத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: காலை 8 மணிக்கு உப்பும் மாவுச்சத்தும் உள்ள சாப்பாடு. ஒன்பது, ஒன்பதரைக்குள் 500 முதல் 600 மில்லி. வார்ம் அப்பை ஷோல்டர் பேட் இல்லாமல், முடிந்தவரை நிழலில், குறுக்கிக்கொள்ள வேண்டும். பல அணிகள் இந்த வார்ம் அப்பிலேயே லைன்மேன்களை வெயிலில் வாட்டிவிடுகின்றன. கிக்ஆஃபுக்கு அரை மணி முன் அரைத்த ஐஸ் கலந்த பானம் அரை லிட்டர் மெதுவாக. அது உள்வெப்பத்தைச் சற்று இறக்கிவைத்து ஆட்டத்தைத் தொடங்க உதவும். அதன்பின் களத்தை விட்டு வெளியே வரும்போதெல்லாம் 200, 250 மில்லி. ஹாஃப் டைமில் அரை லிட்டர்.

சைட்லைனில் குளிர்விப்பதிலும் தவறுகள் நடக்கின்றன. தண்ணீரைத் தூவும் பெரிய விசிறிகள் அரிசோனாவின் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். ஃப்ளோரிடாவின் புழுக்கத்தில் அவை ஆளை நனைக்கின்றன, குளிர்விப்பது சொற்பம். அங்கே ஐஸ் தண்ணீரில் முக்கிய துண்டுதான் நல்லது. வெளியே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, தலை, கழுத்து, முகத்தில் போட்டு, சூடேறியதும் மாற்ற வேண்டும். ஒரே துண்டைப் பத்து நிமிடம் வைத்திருந்தால் அது போர்வை. முன்கையையும் உள்ளங்கையையும் குளிர்நீரில் வைப்பதும் உதவும். ஹாஃப் டைமில் ஜெர்சியையும் ஷோல்டர் பேடையும் கழற்றியே ஆக வேண்டும். இறுக்கமான ஜெர்சியைத் தனியாகக் கழற்ற முடியாது என்பதால் பலர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். இரண்டு பேர் உதவினால் ஒரு நிமிட வேலை. இருபது நிமிடத்தில் கிடைக்கும் குளிர்ச்சியில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய பாதுகாப்பு, உடலை வெயிலுக்குப் பழக்குவது. 10 முதல் 14 நாள் வெயிலில் தினமும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் உழைத்தால் ரத்தத்தின் நீர் அளவு கூடுகிறது, சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கிறது, வியர்வையில் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயத் துடிப்பு குறைகிறது. விட்டுவிட்டால் சில வாரங்களில் போய்விடும். வடக்கத்திய அணிகள் இங்கேதான் சறுக்குகின்றன. குளிர்சாதன உள்ளரங்கில் ஆகஸ்ட் முழுவதும் பயிற்சி செய்துவிட்டு செப்டம்பரில் விமானம் ஏறுகிறார்கள். ஒஹையோவின் ஆகஸ்ட் பிற்பகல் போதுமான வெயில்தான். ஆட்டத்துக்கு முந்தின இரண்டு வாரம் வெளியில் பயிற்சி செய்தால் பெரும்பகுதி பழகிவிடும். ஆனால் படிப்படியாக. கேம்பின் முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், பிறகுதான் ஒவ்வொரு கவசமாக என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி. கோடையில் ஓய்வாக இருந்துவிட்டு எடை கூடி வந்த லைன்மேனுக்கு அந்த முதல் வாரம்தான் கண்டம்.

ஹீட் ஸ்ட்ரோக் பற்றி நேராகவே சொல்கிறேன். 2018 மே மாதம் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது அஃபென்சிவ் லைன்மேன் ஓட்டப் பயிற்சியில் சரிந்து, இரண்டு வாரம் கழித்து இறந்தார். அவருடைய உள்வெப்பத்தை அங்கே அளக்கவில்லை, குளிர்நீரில் அமிழ்த்தவும் இல்லை என்று பிந்தைய விசாரணை சொன்னது. மறுபக்கம், மாசசூசெட்ஸின் ஃபால்மத் சாலை ஓட்டப் போட்டியில் 18 ஆண்டுகளில் ஹீட் ஸ்ட்ரோக் வந்த 274 பேரைக் குளிர்நீரில் அமிழ்த்தினார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை. மருந்தை விட, ஆம்புலன்ஸை விட, ஐஸ் தண்ணீர்த் தொட்டிதான் உயிரைக் காக்கிறது.

உள்வெப்பம் 40.5 டிகிரியைத் தாண்டி, மூளைக் குழப்பமும் இருந்தால் ஹீட் ஸ்ட்ரோக். தோல் காய்ந்திருக்கும் என்று படித்திருப்பீர்கள். ஆட்டக்காரர்களுக்கு அது பொருந்தாது, வியர்த்து ஊற்றிக்கொண்டே இருக்கும். நெற்றி, காது, வாய் வழியே பார்க்கும் வெப்பமானிகள் களத்தில் பொய் சொல்லும். ஆசனவாய் வழியே அளப்பது ஒன்றே நம்பத் தக்கது. கூச்சத்துக்கு அங்கே இடமில்லை. கவசங்களைக் கழற்றி, கழற்ற நேரமாகும் என்றால் கழற்றாமலே, கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும். நீர் 2 முதல் 15 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அக்குளுக்கடியில் துண்டைப் போட்டு ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றொருவர் நீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 0.2 டிகிரி இறங்கும். 41.7-ல் இருப்பவர் 38.9-க்கு வரப் பதினைந்து நிமிடம் ஆகும். அங்கே வெளியே எடுக்கலாம். அதன்பின்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். அவசர எண்ணான 911-ஐ முதலிலேயே அழைத்துவிடலாம், ஆனால் வண்டி வந்துவிட்டது என்று குளிர்விப்பதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. சரிந்ததிலிருந்து அரை மணிக்குள் 40 டிகிரிக்குக் கீழே வந்தால் பிழைப்பது மட்டுமல்ல, பெரும்பாலும் முழுதாகத் தேறுவார்கள். தொட்டி இல்லாத இடத்தில் தார்ப்பாயில் படுக்க வைத்து, ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீர் ஊற்றி ஆட்டலாம். வேகம் சற்றுக் குறைவு, ஆனாலும் காப்பாற்றும்.

வேறு இரண்டு விஷயங்கள். என்சிஏஏ அணிகளில் சிக்கிள் செல் பண்பு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவமாக்கக்கூடிய மரபணு, இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தில் 2006-ல் நடந்த ஒரு மரணத்துக்குப் பின் வந்த ஏற்பாடு அது. நமக்கு இருக்காது என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த மரபணு இருப்பது 1952-லேயே தெரிந்தது. அது இருப்பவர் கடும் உழைப்பில் கால் செயலிழந்து சரியலாம். கால் இழுப்பில் தசை கல்லாக இறுகும், இதில் தசை மிருதுவாகவே இருக்கும். அது அவசர நிலை. இரண்டாவது, அவன் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேளுங்கள். கவனக்குறைவுக்குத் தரும் ஆம்ஃபிடமின் வகை மருந்துகள், ஒவ்வாமைக்கான பெனட்ரில், பயிற்சிக்கு முன் குடிக்கும் ப்ரீ வொர்க் அவுட் தூள், இவை எல்லாம் வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்ததைத் தானாக நிறுத்த வேண்டாம், அணி மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். முந்தின இரண்டு நாளில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அந்த வெயிலில் ஆடவே கூடாது.

யாரிடம் பேசுவது என்றால், கோச்சிடம் அல்ல, வீரர்களின் காயத்தையும் உடல்நலத்தையும் கவனிக்கும் தலைமை அத்லெடிக் டிரெய்னரிடம். ஆடலாமா கூடாதா என்ற மருத்துவ முடிவில் கோச் தலையிட முடியாது என்பது விதி. மகனுக்கு 18 தாண்டிவிட்டதால் அவன் ஒப்புதல் இல்லாமல் அவர்கள் அவனுடைய உடல்நலம் பற்றி உங்களிடம் பேச மாட்டார்கள். அவனே கேட்கட்டும், அல்லது ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடட்டும். கேட்க வேண்டியவை: ஃப்ளோரிடா மைதானத்தில் விருந்தினர் பக்கத்தில் ஐஸ் தொட்டி நிரப்பித் தயாராக இருக்குமா? ஆசனவாய் வெப்பமானி நம் குழுவிடம் இருக்கிறதா? குளிர்வித்த பிறகே ஏற்றுவது என்று உள்ளூர் ஆம்புலன்ஸ் குழுவோடு பேசியாயிற்றா? இன்னொன்று, 2025 விதிப்படி பந்தை நடுவர் வைத்தபின் மருத்துவக் குழு களத்துக்குள் வந்தால் அந்த அணிக்கு ஒரு டைம் அவுட் போகும். போலியாகக் காயம் காட்டுவதைத் தடுக்க வந்தது அது. ஆனால் பையன்கள் அணிக்கு நட்டம் என்று நினைத்து உண்மையான தடுமாற்றத்தையும் மறைப்பார்கள். டைம் அவுட் போனால் போகட்டும், உட்கார்ந்துவிடு என்று நீங்கள் அவனிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவன் தடுமாறினால் கையைத் தூக்கச் சொல்லுங்கள். குழம்பிய ஆளுக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வீதம், உப்புள்ள சாப்பாட்டோடு, சில மணி நேரத்துக்குப் பரப்பிக் குடிக்கட்டும். திரும்பும் விமானத்தில் ஒரேயடியாகக் குடித்துத் தீர்க்க வேண்டாம். மறுநாள் உடம்பு வலிப்பது இயல்பு. ஆனால் வலி தாங்க முடியாமல் தசை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய், ரத்தத்தில் சிகே (தசை சிதைந்தால் கூடும் நொதி) அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.